ஓவனில் காற்றுக்கு வழி விடுங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன குறிப்பு. தோலின் ஈரப்பதம் பார்க்க 102 டிகிரி செல்சியஸில், 2 டிகிரி முன்னே பின்னே, காய வைக்கிறோம். ஃபேன் வைத்த ஓவன் என்றால் எல்லா மூலையிலும் ஒரே சூடு வரும், காற்று சுற்றிவர இடம் இருந்தால். கம்பித் தட்டு முழுக்க அலுமினியத் தாளை விரித்துவிட்டால் அந்தச் சுற்றே நின்றுவிடும். ஒரு தட்டு தகிக்கும், இன்னொன்று காயாமல் கிடக்கும். சுத்தமாக இருக்கட்டுமே என்று பலர் செய்வது இதைத்தான். மாதிரியைப் போட்டு எடை பார்க்கும் பாட்டிலுக்குக் கீழே சின்னதாக ஒரு மூடி போதும். பாட்டில்களுக்கு நடுவே விரல் நுழையட்டும், சுவரில் ஒட்ட வேண்டாம்.

முகப்பில் தெரியும் எண், சென்சார் இருக்கும் இடத்துச் சூடு. தனியாக ஒரு தெர்மாமீட்டரை மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், பாதி காய்ந்த மாதிரியோடு புது ஈர மாதிரியைச் சேர்க்காதீர்கள். புதியதன் ஆவி காய்ந்ததில் ஏறும். ஆவி வெளியேறும் வென்ட் திறந்தே இருக்கட்டும். ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் கொழுப்பு எடுத்த தோலை, கரைப்பான் முழுக்கப் பறக்கும்வரை ஃபியூம் ஹூடிலேயே, அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டிலேயே, விடுங்கள். சாதாரண ஓவனில் அந்த ஆவி தீப்பிடிக்கலாம்.