இன்ஃபெர்னல் அஃபேர்ஸ் மூன்று பாகங்களையும் குழம்பாமல் பார்ப்பது எப்படி?

ஹாங்காங் படமான ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ பார்க்க உட்காருகிற பலர், படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே "இவன் போலீஸா, ரவுடியா, முதலில் காட்டினார்களே அந்தப் பையன்தானா இவன்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. படம் மொத்தமே 101 நிமிடம்தான், அதில் பத்து வருடக் கதையைச் சொல்லியாக வேண்டும், அதனால் யாருக்காகவும் நின்று விளக்கம் சொல்லாது. கொஞ்சம் தயாரிப்போடு உட்கார்ந்தால் போதும்.

முதலில் எந்த வரிசை என்று முடிவு செய்யுங்கள். 2002 டிசம்பரில் வந்தது முதல் பாகம். 2003-இல் வந்த இரண்டாம் பாகம் 1991 முதல் 1997 வரை நடக்கும் முன்கதை. அதே ஆண்டின் கடைசியில் வந்த மூன்றாம் பாகம் முன்னும் பின்னும் தாவும். கதை நடந்த காலப்படி பார்க்கலாமே என்று இரண்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் பாகத்தில் நமக்குக் கிடைக்கிற அதிர்ச்சியெல்லாம் ஒன்றும் தெரியாமல் பார்த்தால்தான் வேலை செய்யும். வெளிவந்த வரிசைதான் சரி.

அடுத்து பெயர்கள். படத்தை ஆலன் மாக்கோடு சேர்ந்து இயக்கியவர் ஆண்ட்ரூ லாவ், நடித்தவர் ஆண்டி லாவ், அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் லாவ் கின் மிங். விமர்சனம் எதையாவது படித்துவிட்டுப் போனால் தலை சுற்றும். அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டி லாவ் நடிப்பது மிங், டோனி லியூங் நடிப்பது யான். மிங், சாம் என்கிற டிரையாட் (ஹாங்காங் ரவுடிக் கூட்டம்) தலைவன் போலீசுக்குள் நட்டுவைத்த ஆள். யான், வோங் என்கிற சூப்பிரண்டு சாமின் கூட்டத்துக்குள் நட்டுவைத்த போலீஸ். சாமாக எரிக் சாங், வோங்காக ஆண்டனி வோங். இந்த நால்வரும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இளம் வயதுக் காட்சிகளில் மிங்காக எடிசன் சென், யானாக ஷான் யூ. இரண்டு பேருக்கும் அவரவர் மூத்த வடிவத்தோடு முகச்சாயல் பெரிதாக இல்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு பையனைத் துரத்துவார்கள், பையை எடுத்துக்கொண்டு அவன் வாசலைத் தாண்டிப் போவான். அவன்தான் யான். துரத்தியது வெறும் நாடகம், அவனை உளவுக்கு அனுப்பத்தான். அணிவகுத்து நிற்கும் மற்ற பையன்களிடம், விதியை மீறினால் இந்தக் கதிதான், யார் அவன் இடத்துக்குப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்பார். வரிசையில் நிற்கும் மிங் வாய்க்குள்ளேயே, நான் போகிறேன் என்பான். சில நொடிதான், கண்ணிமைத்தால் போய்விடும். மூன்று படங்களுக்கும் சாவி அந்த முணுமுணுப்பில் இருக்கிறது, அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

போலீஸ் ஊழல் படம் என்றதும் நாம் மாமூல் வாங்கும் ஏட்டையும் அரசியல்வாதிக்கு சல்யூட் அடிக்கும் கமிஷனரையும் எதிர்பார்ப்போம். இங்கே யாரும் கவர் வாங்கி மேசைக்குள் போடுவதில்லை. அப்படிப்பட்ட காலம் ஹாங்காங்கிலும் இருந்தது. 1973-இல் பீட்டர் கோட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார், ஜனங்கள் தெருவுக்கு வந்து கத்தினார்கள், 1974-இல் ஐசிஏசி என்ற தனி ஊழல் ஒழிப்பு அமைப்பே பிறந்தது. 1975-இல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு வருடம் உள்ளே போட்டார்கள். இந்தப் படம் அந்தச் சுத்திகரிப்புக்குப் பிந்தைய ஊரில் நடக்கிறது. லஞ்சம் கொடுத்து ஒரு அதிகாரியை வளைப்பதற்குப் பதில், ஆளையே சின்ன வயதில் அனுப்பி அதிகாரியாக வளர்த்தெடுக்கிறான் சாம். ஆக, இந்தப் போலீஸ்காரன் கெட்டுப்போனவன் இல்லை, வரும்போதே அப்படித்தான் வந்தவன். நல்லவனாக மாற ஆசைப்படும்போதுதான் அவனுக்குச் சிக்கலே தொடங்குகிறது.

சரி, பார்க்கும்போது எதைக் கவனிப்பது? யார் நல்லவன் என்று தேடுவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்று மட்டும் பாருங்கள். உதாரணத்துக்கு அந்தப் போதைமருந்து பேரக் காட்சி. சாம் தாய்லாந்து ஆட்களோடு வியாபாரம் பேசுகிறான், பக்கத்திலேயே இருக்கும் யான் விரலால் தட்டித் தட்டி மோர்ஸ் குறியீட்டில் சேதி அனுப்புகிறான், வோங் காதில் ஹெட்போனோடு அதை வாங்கிக்கொள்கிறார். அதே கட்டுப்பாட்டு அறையில் நிற்கும் மிங், எல்லார் கண் முன்னாலும் சாமை உஷார்ப்படுத்துகிறான். சரக்கைக் கடலில் கொட்டிவிடுகிறார்கள். நம்மிடையே ஒரு கறுப்பு ஆடு இருக்கிறது என்று இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உறைக்கிறது. துப்பாக்கிக்கு வேலையே இல்லை, விரலும் போனும் ஹெட்போனும்தான். இந்தக் காட்சி புரிந்துவிட்டால் படம் கைக்கு வந்துவிட்டது, புரியவில்லையென்றால் வெட்கப்படாமல் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பாருங்கள்.

அதற்கடுத்து காவல் நிலையத்தில் சாம் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற காட்சியில் வசனத்தை விட முகங்களைப் பாருங்கள். எரிக் சாங் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, சாப்பாட்டை அப்படியே மேசையிலிருந்து தள்ளிவிடுவார் பாருங்கள், அங்கே தெரியும் அந்த ஆள் யார் என்று.

இன்னொன்று, ஒரு காகித உறை வரும். மேலே ஒரு சீன எழுத்து தப்பாக எழுதித் திருத்தியிருக்கும். நமக்குச் சீனம் தெரியாது, சப்டைட்டிலும் அதைச் சொல்லாமல் கடந்துபோகக்கூடும், அதனால் அந்த உறை எப்படி இருக்கிறது, எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் படமாகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மொழி என்று வந்தால் ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் ஒலியில் மட்டும் பாருங்கள், டப்பிங் வேண்டாம். பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன பழக்கத்தில் அங்கே போலீஸ்காரர்கள் மேலதிகாரியை "வோங் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊர் ஸ்டேஷன் மாதிரியே காதில் விழும். யார் யாரை எப்போது சார் என்கிறார்கள் என்பதிலேயே பாதி விசுவாசம் தெரிந்துவிடும். 2022-இல் கிரைட்டீரியன் நிறுவனம் மூன்றையும் 4கே மீட்டெடுப்பில் ஒன்றாக வெளியிட்டது, அது கிடைத்தால் நல்லது.

இரண்டாம் பாகத்துக்குப் போகும் முன் ஒருநாள் இடைவெளி விடுங்கள். முதல் பாகத்தில் மிங்கின் காதலி பெயர் மேரி. இரண்டில் சாமின் மனைவி பெயரும் மேரி. தற்செயல் இல்லை, பார்த்தால் புரியும். வோங்கைப் பற்றி நாம் வைத்திருக்கும் மரியாதையும் இதில்தான் ஆட்டம் காணும். என்னைக் கேட்டால் போலீஸ் ஊழல் என்பதை மூன்றில் நேருக்கு நேர் பேசுவது இந்தப் பாகம்தான், ஏனென்றால் இதில் தப்பு செய்வது நல்ல போலீஸ். ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படும் 1997 ஜூலை 1 வரை கதை ஓடும். ஊரே எஜமானை மாற்றிக்கொள்ளும் இரவில் போலீஸ் தொப்பியின் சின்னம் மாறுவதைக் கவனியுங்கள்.

‘தி டிபார்ட்டட்’ ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு: 2006-இல் ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செஸி இதே கதையை அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் எடுத்த படம் அது, நான்கு ஆஸ்கர் வாங்கியது. அது இரண்டரை மணி நேரம், சத்தமும் ரத்தமும் கெட்ட வார்த்தையும் ஜாஸ்தி. இதில் தனித்தனியாக வரும் மனநல மருத்துவரையும் மிங்கின் காதலியையும் அங்கே ஒரே பெண்ணாக்கிவிட்டார்கள். முடிவும் வேறு, அதனால் கதை தெரியும் என்று இதைத் தவிர்க்க வேண்டாம்.

முதல் பாகம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்த பத்தியில் ஸ்பாய்லர் இருக்கிறது.

முதல் பாகத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஹாங்காங் பதிப்பில் மிங் லிஃப்டிலிருந்து வெளியே வந்து தன்னை போலீஸ் என்று சொல்லிக்கொண்டு தப்பித்துவிடுகிறான். சீனப் பெருநிலத்துக்காக எடுத்த பதிப்பிலோ வெளியே வந்ததும் கைது செய்துவிடுகிறார்கள், குற்றவாளி தப்பக்கூடாதாம். உங்கள் கையில் இருப்பதில் கைதாகிறான் என்றால் அந்தக் கடைசி நிமிடத்தை மறந்துவிட்டு ஹாங்காங் முடிவைத் தேடிப் பாருங்கள், ஏனென்றால் மூன்றாம் பாகம் மிங் இன்னும் போலீசிலேயே இருப்பதிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பாகத்தில் யான் உயிரோடு வந்தால் கதை பின்னால் போயிருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும். சில இடத்தில் அது மிங்கின் மண்டைக்குள் நடப்பது.