வாரண்டி இருக்கும்போதே போன் செத்துப்போனால்

மதுரைக்காரருக்குப் போன் செத்துப்போனால் கால் தானாகப் போன் கடைகள் இருக்கும் டவுன்ஹால் ரோட்டுக்குப் போகும். நானும் அப்படித்தான் போனேன். வாங்கி எட்டு மாதம்தான், திடீரென்று சார்ஜ் ஏறவில்லை. "சும்மா தொறந்து பாப்போம்ணே" என்று கடைத் தம்பி பின்மூடியைச் சூடுகாட்டிக் கழற்றினார். அதோடு வாரண்டி போச்சு. வெளியாள் கை பட்டதை உள்ளே இருக்கும் பசையும் ஸ்டிக்கரும் காட்டிக்கொடுத்துவிட்டன.

நனைந்த போனை அரிசிக்குள் புதைத்துவிட்டு, "தண்ணியே படலை" என்று சாதிப்பதும் வீண். பல போன்களில் சிம் ட்ரே துளைக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். ஈரம் பட்டால் சிவக்கும், காய்ந்தாலும் பழைய நிறத்துக்கு வராது. தண்ணீர் தாங்கும் என்று சொல்லும் ஐபி68 தரப் போனாக இருந்தாலும் தண்ணீர்ச் சேதம் பெரும்பாலும் வாரண்டியில் வராது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் போனை வாங்கிக்கொண்டு, கோளாறையும் போனின் நிலையையும் எழுதி நீட்டும் ஜாப் ஷீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. பின்னால் பேசப்போவது அந்தத் தாள்தான். கொடுக்கும்போது இல்லாத கீறல் அதில் ஏறியிருக்கிறதா, நீங்கள் சொன்ன கோளாறு அப்படியே இருக்கிறதா, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கவுண்டரிலேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், முறைத்தால் முறைக்கட்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் புது ஜாப் ஷீட் வேண்டும். "சாஃப்ட்வேர் போட்டுட்டோம் சார்" என்று வாய்வார்த்தையோடு திருப்பிக் கொடுத்தால், ஒரே கோளாறு மூன்று தடவை வந்ததற்கு உங்களிடம் சாட்சியே இருக்காது. வாரண்டி கிடையாது என்றால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

பில்லை உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். நம்மூர் வெயிலுக்கு அந்த வழுவழுத் தாள் சீக்கிரமே வெளுத்துவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். போர்டை மாற்றினால் உள்ளிருக்கும் படங்கள் போய்விடும், அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம், இழுத்தடித்தால் சோர்ந்துபோய்க் காசு கொடுத்துவிடாதீர்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதால் விற்ற கம்பெனி இருக்கும் பெங்களூருக்கு அலைய வேண்டுமோ என்று உசிலம்பட்டிக்காரர் தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே, மதுரையிலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.