டி டிரைவும் அதே டிஸ்க்தான்: பழைய லேப்டாப்புக்குப் புது சிஸ்டம் போடுவது

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். அப்பளத் தொழில். கடைகளுக்குப் போகிற பில், உளுந்துக் கணக்கு, அப்பா எழுதும் கடிதங்கள் எல்லாம் தம்பிக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில்தான் இருக்கின்றன. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. 2023-ல் குரோமும் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, இதில் கிடையாது. விண்டோஸ் 10-இன் காலமும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம், அதிலும் பழைய மெஷினுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டாலியில் கணக்கு வைப்பவர்கள் மட்டும் இதில் இறங்க வேண்டாம், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.

சிஸ்டம் போடுவது அரை மணி நேர வேலை. அதற்கு முந்தைய வேலையில்தான் எல்லாரும் தவறுகிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை வீட்டு லேப்டாப்பில் நான் தவறினேன். சி டிரைவில் இருந்ததை எல்லாம் டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, டி தனியாகத்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் சிஸ்டம் போடும்போது 'எரேஸ் டிஸ்க்' (டிஸ்க் முழுவதையும் அழி) என்பதை அழுத்திவிட்டேன். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட இரண்டு பாத்திதான். வரப்போடு சேர்த்து மொத்த வயலும் போயிற்று. மாமா இறந்துபோவதற்கு முந்தின வருஷம் பாபநாசத்தில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. மீட்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைத்தது. அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏட்டி, கெடச்சத எனக்குப் பிரிண்டு போட்டுக் குடு" என்றாள், அவ்வளவுதான்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பழைய டிஸ்க்கை அழிக்கவே அழிக்காதீர்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க் ஒன்றை வாங்கிப் போடுங்கள். 240 ஜிபி தாராளம். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் பெரிய பென் டிரைவ் மாதிரி ஆகிவிடும், வேண்டியதை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். வேகம் கூடுவதும் பெரும்பாலும் இந்த எஸ்எஸ்டியால்தான். ராமும் மாற்றுவதென்றால் பழைய ராமைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே வகையைக் கேளுங்கள். நான் 4 ஜிபி போட்டேன்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறங்கள். திறந்ததும் ஃபேனையும் பாருங்கள். எங்கள் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் உளுந்து மாவும் சேர்ந்து, வெள்ளையாக, நனைத்துக் காயவைத்த பஞ்சு மாதிரி ஒரு பட்டை. சிறு பிரஷ்ஷால் நெம்பியதும் அப்படியே ஒரே துண்டாக வந்தது. இது அடைத்திருந்தால் எந்த சிஸ்டம் போட்டாலும் சூடாகி மந்தமாகத்தான் ஓடும்.

அப்புறம் மின்ட் போடுவதற்கான பென் டிரைவ். இதைப் பழைய டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே, இல்லையென்றால் வேறு கம்ப்யூட்டரில் தயார் செய்துகொள்ளுங்கள். மின்டின் இணையதளத்திலிருந்து இறக்கும் ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி, 8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதாக எடுங்கள். அந்த ஃபைலை ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதலாம். விண்டோஸ் 7-இல் எழுதுவதென்றால் ரூஃபஸ் 3.22 தான் கடைசியாக ஓடும் பதிப்பு, புதியது திறக்காது. பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால், எதிலிருந்து திறப்பது என்று கேட்கும் பூட் மெனு வரும், அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்பி என்றால் எஃப்9.

பென் டிரைவிலிருந்தே மின்ட் முழுசாகத் திறக்கும். உடனே இன்ஸ்டாலை அழுத்த வேண்டாம். வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கு உரியது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கரண்ட் விஷயத்தில் கவனம். பழைய லேப்டாப்பில் பேட்டரி நிற்காது. மின்வாரியப் பராமரிப்பு நாளைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் சாரல் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் கரண்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை கண்ணடிக்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் அன்றைக்கு வேண்டாம்.

கடைசியாக ஃபாண்ட். அப்பாவின் பத்து வருஷக் கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தவை. புது சிஸ்டத்தில் திறந்தபோது எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் எதுவும் கெடவில்லை, அந்த ஃபாண்ட் இல்லாததுதான் காரணம். பழைய டிஸ்க்கில் சி டிரைவ், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று போனால் பாமினி, வானவில் எல்லாம் அங்கே இருக்கும். அவற்றை காப்பி செய்து, மின்டில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் முன்னால் ஒரு புள்ளி வைத்து 'ஃபாண்ட்ஸ்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் வையுங்கள். கடிதம் திறக்கும் மென்பொருளான லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். புதிதாக அடிப்பதை, தனி ஃபாண்ட் இல்லாமலே எந்த மெஷினிலும் தெரியும் யூனிகோடிலேயே அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகையை மின்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

எங்கள் பழைய டிஸ்க் பீரோவில் அம்மாவின் புடவைக்கு அடியில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, என்றைக்குக் கழற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.