மியூசியம் டிக்கெட்டை உறுப்பினர் சந்தாவாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட் வாங்கி மியூசியத்துக்குள் போகிறீர்கள். பாதிகூடப் பார்த்து முடியவில்லை, இன்னொரு நாள் வந்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. இப்படிப்பட்டவர்களுக்காகவே பல மியூசியங்கள் ஒரு வசதி வைத்திருக்கின்றன: கொடுத்த டிக்கெட் பணத்தை ஆண்டுச் சந்தாவில் கழித்துக்கொள்வார்கள், மீதியைக் கட்டினால் நீங்கள் உறுப்பினர். உண்மையிலேயே நல்ல வசதிதான். ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒரே வரியில் எழுதியிருப்பதற்குப் பின்னால் நிறைய நிபந்தனைகள் உண்டு. அவை தெரியாததால் கழிய வேண்டிய பணம் கழியாமல் போகிறவர்களும், தேவையில்லாத சந்தாவைத் தலையில் கட்டிக்கொள்கிறவர்களும் அதிகம்.

வெளியே வந்துவிட்டால் போச்சு

"வீட்டுக்குப் போய் நிதானமாக யோசிக்கலாம்" என்று கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெரும்பாலான இடங்களில் இந்தச் சலுகை டிக்கெட்டில் அச்சிட்ட அந்த ஒரு தேதிக்கு மட்டும்தான். அன்றைய வசூல் அன்று மாலையே கணக்கில் ஏறிவிடும். மறுநாள் அந்த டிக்கெட்டைத் திருத்துவது கவுன்டரில் இருப்பவரின் கையில் இல்லை. சில மியூசியங்கள் ஒரு வாரமோ ஒரு மாதமோ அவகாசம் தருகின்றன, ஆனால் அதை நம்பி நடக்காதீர்கள். உள்ளே நுழையும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும், எந்தக் கவுன்டரில் மாற்ற வேண்டும்?

நேரத்தையும் கவனியுங்கள். உறுப்பினர் சேர்க்கை மேசை, மியூசியம் மூடுவதற்கு முன்பே மூடிவிடலாம். எல்லோரும் வெளியேறும் கடைசி அரை மணி நேரத்தில்தான் அங்கே வரிசையும் நீளும். பாதி சுற்றிப் பார்த்ததுமே மனம் தெளிந்துவிட்டால், அப்போதே போய் மாற்றிவிட்டு மீதியைப் பாருங்கள். காபிக் கடையிலும் பரிசுப்பொருள் கடையிலும் உறுப்பினர் தள்ளுபடி இருந்தால் அதுவும் அன்றே கிடைக்கும். கடையில் வாங்கி முடித்த பிறகு உறுப்பினரானால் பழைய ரசீதுக்குத் தள்ளுபடி பெரும்பாலும் கிடைக்காது.

எந்தப் பணம் கழியும், எது கழியாது

பொதுவாகக் கழிவது பொது நுழைவுக் கட்டணம் மட்டும். சிறப்புக் கண்காட்சிக்கான கூடுதல் கட்டணம், கோளரங்கம், பெருந்திரைக் காட்சி, ஆடியோ கைடு, பார்க்கிங், ஆன்லைன் முன்பதிவுக் கட்டணம் எதுவும் இதில் சேராது. மொத்த ரசீதைப் பார்த்து இவ்வளவும் கழியும் என்று கணக்குப் போட்டு நிற்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரசீதில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கும். நுழைவுக் கட்டண வரியை மட்டும் கூட்டுங்கள்.

டிக்கெட்டை யாரிடம் வாங்கினீர்கள் என்பதும் முக்கியம். பல இடங்களைச் சேர்த்துப் பார்க்கும் நகரப் பாஸ், டிராவல்ஸ் கொடுத்த டிக்கெட், வேறு இணையதளத்தில் வாங்கியது, நூலகம் கொடுத்த இலவச பாஸ், குழு டிக்கெட் ஆகியவற்றுக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. வெளியார் விற்கும் டிக்கெட்டின் பணம் மியூசியத்துக்கு முழுமையாக வருவதில்லை. இடைத்தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னர்தான் அனுப்புவார், தன் கைக்கு வராத தொகையை மியூசியம் உங்களுக்குக் கழித்துக் கொடுக்க முடியாது. சந்தா எடுக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் டிக்கெட்டை மியூசியத்திலோ அதன் சொந்த இணையதளத்திலோ வாங்குவதே சரி. இரண்டு ரூபாய் மலிவு என்று வெளியே வாங்கினால் முழுக் கழிவும் போய்விடும்.

கழிவது நீங்கள் உண்மையில் கொடுத்த தொகை, பலகையில் எழுதிய விலை அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை மியூசியத்தில் 2018 மார்ச் முதல் வெளிமாநிலத்தாருக்கும் வெளிநாட்டாருக்கும் நிலையான கட்டணம். நியூயார்க் மாநிலவாசிகளும், அந்த மாநிலம், நியூஜெர்சி, கனெக்டிகட் ஆகியவற்றின் மாணவர்களும் மட்டும் விரும்பியதைக் கொடுத்து நுழையலாம். இப்படி விரும்பியதைக் கொடுக்கும் முறை உள்ள இடத்தில் ஒரு டாலர் கொடுத்து நுழைந்தவர், சந்தாவில் முழு டிக்கெட் விலையும் கழியும் என்று எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை.

மாற்றவே தேவையில்லாத இடங்களும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்திலும் ஸ்மித்சோனியனின் பெரும்பாலான மியூசியங்களிலும் பொது நுழைவு இலவசம், மாற்றுவதற்கு டிக்கெட்டே இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்தாவின் பலன் கட்டணமுள்ள சிறப்புக் கண்காட்சிகளில்தான் இருக்கிறது, அவற்றுக்குப் போகாதவருக்கு அது நன்கொடைதான். சில பிரிட்டிஷ் மியூசியங்களில் சாதாரண டிக்கெட்டே ஓராண்டு செல்லும். நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 'கிஃப்ட் எய்டு' விதி இதற்கு ஒரு காரணம்: நுழைவுக் கட்டணம் நன்கொடையாகக் கருதப்பட வேண்டுமானால், வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அல்லது அந்தப் பணத்துக்கு ஓராண்டு நுழைவுரிமை தர வேண்டும். கையில் இருப்பது ஏற்கெனவே ஆண்டு டிக்கெட் என்பதைப் பார்க்காமல், மறுபடி வருவதற்காகவே மேலும் பணம் கட்டிவிடாதீர்கள்.

இன்றைய வருகையை இரண்டு முறை எண்ணுவது

ஒரு டிக்கெட் 100, தனிநபர் சந்தா 250 என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக 150 கட்ட வேண்டும். "ஒருமுறைக்கு 100, ஆக இரண்டு முறை வந்தால் 150 எடுத்துவிடலாம், இன்று ஒருமுறை வந்தாகிவிட்டது, இன்னும் ஒருமுறை வந்தால் போதும்" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இது தவறு. இன்றைய வருகைக்கான 100 கழிவாகப் போய்விட்டது. புதிதாகக் கட்டும் 150-ஐ ஈடுகட்ட இன்றைக்குப் பிறகு இரண்டு முறை வர வேண்டும். சுலபமான வழி, சந்தாவை டிக்கெட் விலையால் வகுத்து அடுத்த முழு எண்ணை எடுப்பது: 250-ஐ 100-ஆல் வகுத்தால் 2.5, ஆக இன்றையும் சேர்த்து மூன்று வருகை. அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அந்த மூன்றும் நடக்குமா என்பதைக் காலண்டரை வைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து சுற்றுலா வந்தவருக்குப் பெரும்பாலும் நடக்காது.

குடும்பத்துக்குக் கணக்கு வேறு. பெரியவர் இருவருக்கு 200, பிள்ளைகள் இருவருக்கு 120, ஆக 320 கட்டி நுழைந்திருக்கிறார்கள். குடும்பச் சந்தா 450 என்றால் மீதி 130 தான். இன்னொரு முறை நால்வரும் வந்தாலே 190 மிச்சம். டிக்கெட் மாற்றும் வசதியால் மிக அதிகம் பயன்பெறுகிறவர்கள் இவர்கள்தான்.

ஆனால் எந்தச் சந்தா என்பதில் தடுமாறக் கூடாது. பொதுவாக, சந்தாவில் அடங்கும் ஆட்களின் டிக்கெட்டுகள் மட்டுமே கழியும். மூன்று பெரியவர்களின் டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரு தனிநபர் சந்தாவில் கழிக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒரு டிக்கெட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் இடத்திலும் சந்தாவுக்கு மேல் மிஞ்சும் பணம் திரும்பி வராது. சின்னக் குழந்தைகளுக்கு நுழைவு இலவசம் என்றால், குடும்பச் சந்தாவுக்குப் பதிலாக இருவர் சந்தா போதுமா என்று பாருங்கள். அந்த ஆண்டுக்குள்ளேயே குழந்தை இலவச வயதைத் தாண்டிவிடுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை நீங்கள் அழைத்து வரும்போது உடன் சில நாள் தாத்தா, சில நாள் அத்தை வருவார்கள் என்றால், இரண்டு பெயர்கள் எழுதிய சந்தாவைவிட 'ஒரு பெயர், உடன் ஒரு விருந்தினர்' என்ற வகை நன்றாக உதவும். ஆனால் பெயர் எழுதிய பெரியவர் வராத நாளில் அந்தச் சந்தாவை மற்றவர் பயன்படுத்த முடியாது.

தள்ளுபடியும் கழிவும் சேராது

சந்தாவுக்கு 20 சதவீதத் தள்ளுபடி நடக்கும் நாளில் டிக்கெட் கழிவையும் சேர்த்துக் கேட்டால் பொதுவாகத் தர மாட்டார்கள், இரண்டில் ஒன்றுதான். மேலே சொன்ன 250 சந்தாவில் 20 சதவீதம் வெறும் 50, டிக்கெட் கழிவு 100. அதனால் கழிவே மேல். ஆயிரம் மதிப்புள்ள உயர்நிலைச் சந்தாவுக்கு ஒரே டிக்கெட் வைத்திருப்பவருக்கோ தள்ளுபடிதான் லாபம், 200 கிடைக்கும். சந்தா கூடக்கூடத் தள்ளுபடியின் பக்கம் தராசு சாயும்.

கவுன்டரில் என்ன நடக்கிறது

கையோடு கொண்டுபோக வேண்டியவை: பார்கோடு உள்ள டிக்கெட் அல்லது ஆர்டர் எண் உள்ள மின்னஞ்சல், பணம் கட்டிய அதே அட்டை, புகைப்பட அடையாள அட்டை, சேர்க்கப்போகும் மற்றவர்களின் சரியான பெயர். உள்ளே நுழைந்ததும் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவர்கள் இங்கே திண்டாடுகிறார்கள்.

கழிவு இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, சந்தாத் தொகையிலிருந்து டிக்கெட் தொகையைக் குறைத்து மீதியை வாங்குவது. மற்றது, பழைய டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டு, முழுச் சந்தாவையும் புதிதாக வசூலிப்பது. இரண்டாவது முறையில் திரும்பும் பணம் அட்டைக்கு வரச் சில வேலை நாட்கள் ஆகும், அதுவரை முழுத் தொகைக்கும் அட்டையில் இடம் இருக்க வேண்டும். பணம் திரும்புவது டிக்கெட் வாங்கியவரின் அட்டைக்கே. நண்பர் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தால், சந்தா உங்கள் அட்டையில் போகும், கழிவு அவர் அட்டைக்குப் போகும். எந்த முறை என்று முதலிலேயே கேளுங்கள். ரசீதில் முழுச் சந்தா, கழித்த தொகை, கட்டிய மீதி மூன்றும் தெரிகின்றனவா என்று மேசையை விட்டு நகர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் அட்டையை மறந்துவிட்டு வந்தால் டிக்கெட் வாங்கவே வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டினால் பெரும்பாலும் பெயரை வைத்துத் தேடி உள்ளே விடுவார்கள். காலாவதியான சந்தாவைப் புதுப்பிப்பவருக்கு டிக்கெட் கழிவு உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் புது உறுப்பினருக்கு மட்டும்தான்.

முடியும் தேதியையும் கேளுங்கள். சந்தா சேர்ந்த தேதியிலிருந்து ஓராண்டா, அல்லது அடுத்த ஆண்டு அதே மாதத்தின் கடைசி வரையா? மாதக் கடைசி வரை என்றால், மாதத் தொடக்கத்தில் சேர்பவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதி படிவத்தில் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கலாம். அடுத்த ஆண்டு டிக்கெட் கழிவு இருக்காது, முழுச் சந்தாவும் அட்டையிலிருந்து போகும். வேண்டாமென்றால் அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிற மியூசியங்களில் இலவச நுழைவு

ஒரு மியூசியத்தின் சந்தாவை வைத்து, அதே கூட்டுத் திட்டத்தில் உள்ள பிற மியூசியங்களுக்கும் போகலாம் என்ற சலுகைக்காகவே சந்தா எடுப்பவர்கள் உண்டு. அறிவியல் மையங்களின் சங்கமான ஏஎஸ்டிசி (ASTC) நடத்தும் பாஸ்போர்ட் திட்டத்தில், உங்கள் வீட்டிலிருந்தோ நீங்கள் உறுப்பினரான மையத்திலிருந்தோ நேர்கோட்டில் 90 மைலுக்குள், அதாவது சுமார் 145 கிலோமீட்டருக்குள், உள்ள மையங்களுக்குப் பொதுவாக இலவசம் கிடையாது. பக்கத்து ஊர் மையத்துக்கு இலவசமாகப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம் இங்கேதான். குழந்தைகள் மியூசியங்களின் சங்கமான ஏசிஎம் (ACM) திட்டத்தில் கிடைப்பது இலவச நுழைவு அல்ல, ஆறு பேர் வரை 50 சதவீதத் தள்ளுபடி. வட அமெரிக்க மியூசியங்களின் நார்ம் (NARM) திட்டத்தில், ஒவ்வொரு மியூசியமும் குறிப்பிட்ட நிலைக்கு மேற்பட்ட சந்தாவுக்கே பிற மியூசியங்களில் இலவசமாக நுழையும் சலுகையைத் தருகிறது. அதனால் மிகக் குறைந்த சந்தாவில் டிக்கெட்டைக் கழித்தவருக்கு அது கிடைக்காமல் போகலாம்.

அட்டையில் அந்தத் திட்டத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். மாற்றிய அன்று கையில் தரும் தற்காலிகச் சீட்டை வேறு மியூசியத்தில் ஏற்காமல் போகக்கூடும். அடுத்த வாரமே பயணம் என்றால், டிஜிட்டல் அட்டையை உடனே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, போகப்போகும் மியூசியத்திடம் அது போதுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.