மொட்டை மாடி நாடகம்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுடன் ஒரு மாத வேலை

சென்ற மாசியில், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகள் நாற்பது நிமிட நாடகம் ஒன்றை நடித்தார்கள். ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான அவர்களில் எவரும் பள்ளிக்குச் செல்வதில்லை. கதை, வசனம், உடை, மேடை அனைத்தும் அவர்கள் உருவாக்கியவை. அதற்கு முந்தைய ஆண்டு நானே வசனம் எழுதி மனப்பாடம் செய்ய வைத்த நாடகம், இரண்டாம் காட்சியில் ஒரு சிறுமி வரியை மறந்து அழத் தொடங்கியதும் நின்றுபோனது. தவறு என்னுடையது என்று உணர எனக்குச் சில மாதங்கள் ஆயின. அதன்பின் மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதையைத் தேட வேண்டாம். பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்டும் ஒரு பொருளையோ இடத்தையோ காட்டுங்கள். நாங்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்திற்குச் சென்று, பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் பார்த்தோம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார் என்பதையும், ரோமானிய நாடுகளோடு அந்தத் துறைமுகத்திற்கு வணிகம் இருந்தது என்பதையும் சொன்னதோடு நான் நிறுத்திக்கொண்டேன். கண்ணாடிப் பேழையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற ஆறு வயதுச் சிறுவன், "இவ்ளோ சின்ன மணியில ஓட்ட போட்டவருக்கு கை வலிச்சிருக்காதா?" என்று கேட்டான். எங்கள் நாடகம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. கடலூரில் இருப்பவர்கள், அப்பர் கல்லையே தெப்பமாகக் கொண்டு கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பத்திற்கு அழைத்துச் செல்லலாம். அல்லது 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்த இரவைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்லலாம்.

கதை பிடிபட்டதும் உடனே எழுத உட்காராமல், முதல் வாரம் முழுவதும் அவர்களை விளையாட விடுங்கள். மணி கோப்பவர், குயவர், கடல் கடந்து வந்த மாலுமி என்று அவரவர் விரும்பிய வேடத்தில் பேசிப் பார்க்கட்டும். பெரியவர் ஒருவர் ஓரமாக அமர்ந்து அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதினால் போதும். பேச்சு வழக்கை எழுத்து வழக்காகத் திருத்த வேண்டாம். "ஐயா, ஒங்க ஊர்ல மழ பெய்யுமா?" என்று மாலுமியிடம் ஒரு சிறுமி கேட்டாள், அப்படியொரு வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். வார இறுதியில் காட்சிகளின் வரிசையை மட்டும் முடிவு செய்து, ஒரு காட்சிக்கு ஒரு வாக்கியம் என ஐந்து தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த வசனம் மாறினாலும் கதை நகரும் என்ற துணிவை அந்த ஐந்து தாள்கள் தரும்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கூடும்போது வயது வேறுபாடு பெரியதாக இருக்கும். இதற்கு நம் பகுதித் தெருக்கூத்திலேயே வழி இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களை வரவேற்று, யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்து, கதையைப் பார்வையாளருக்கு விளக்குவார். இந்த வேடத்தைச் சமயோசிதமாகப் பேசக்கூடிய பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள். சிறியவர் யாரேனும் வரியை மறந்து நின்றால், "அப்புறம் கப்பல் என்ன ஆச்சு?" என்று கட்டியங்காரன் கேட்பான், பதில் தானாக வந்துவிடும். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டியதில்லை. எங்கள் நாடகத்தில் இது மூன்று முறை நடந்தது. பார்த்தவர்கள் அதையும் கதையின் பகுதியாகவே எண்ணினார்கள். திரையையும் கூத்தில் போலவே இருவர் கையில் பிடிக்கட்டும்: ஒரு பழைய புடவையும், பேசக் கூச்சப்படும் இரண்டு பிள்ளைகளும் போதும். எப்போது திரையை இறக்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவர்களைச் சேரும்போது கூச்சம் பாதி குறைந்துவிடுகிறது.

சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது புதுச்சேரியில்தான். ஒரு முழு நாடகத்தைப் பிள்ளைகளால் தாங்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்காலப் பாலர் சபைகளின் கடும் பயிற்சி நம் மாடிக்கு வேண்டாம். நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம், மூன்று வாரங்கள் ஒத்திகை போதுமானது. நடிப்பைப் பற்றி ஒத்திகையில் பெரியவர் சொல்ல வேண்டியது ஒன்றே: "கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை."

முகமூடிகளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளை முன்மாதிரியாகக் காட்டலாம். வீட்டில் செய்வதற்கு, ஊதிய பலூனின் மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையால் நான்கைந்து அடுக்காக ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நச்சு என்பதால் பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கக் கூடாது. முகமூடி மூக்கோடு முடிந்துவிட வேண்டும்; வாயை மூடினால் குரல் வெளியே வராது.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து, தை அல்லது மாசியில் மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரையில் அந்நேரம் காற்று கிழக்கிலிருந்து வீசும். நடிப்பவர்கள் கிழக்குப் பக்கம் நின்றால் காற்று அவர்கள் குரலைப் பார்வையாளரிடம் கொண்டு சேர்க்கும். மேற்கு வெயிலும் அவர்கள் முகத்தில் விழும் என்பதால் விளக்கு தேவையில்லை. வெயில் கண்ணைக் கூசினால் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் மேடையை நகர்த்துங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து நான்கடி தள்ளிக் கோலமாவால் தடித்த கோடு ஒன்று போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்பதை முதல் ஒத்திகையிலேயே பழக்கிவிட வேண்டும். அந்தக் கோட்டருகே பெரியவர் ஒருவர் நாடகம் முடியும் வரை நிற்க வேண்டும்.

பார்வையாளர் முப்பது பேருக்குள் இருக்கட்டும்; தாத்தா பாட்டிகளுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். கைப்பேசியில் படம் எடுப்பதை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். முடிந்ததும் யார் நன்றாக நடித்தார்கள் என்று பேசுவதைத் தவிர்த்து, பார்த்தவர்களைக் கதையைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டு மீனவர் ஒருவர், அந்தக் கப்பல் எந்தக் காற்றில் திரும்பிப் போனது என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை ஆறு பேர் நோட்டோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.