செல் சமிக்ஞைப் பாதையைக் குழப்பமில்லாமல் படிக்க

செல்லுக்குள் செய்தி கைமாறும் பாதையைப் படிக்கும்போது பெயர்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். பாதையை வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் “ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா?” என்று குறித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டாக, அட்ரினலின் என்ற ஹார்மோன் கல்லீரல் செல்லின் ஏற்பியில் (வெளியிலிருந்து வரும் செய்தியைப் பெறும் புரதத்தில்) ஒட்டுகிறது. அந்த ஓர் ஏற்பி, செய்தியை அடுத்த படிக்குக் கடத்தும் பல ஜி-புரதங்களைத் தூண்டும்: பல. ஒரு ஜி-புரதம் ஓர் அடினைலைல் சைக்லேஸ் நொதியை மட்டுமே தூண்டும்: ஒன்று. அந்த நொதி, செல்லுக்குள் செய்தியைச் சுமக்கும் சைக்ளிக் ஏஎம்பி மூலக்கூறுகளைத் தயாரித்துக்கொண்டே இருக்கும்: பல. (சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்ட் 1971-இல் நோபல் பரிசு பெற்றார்.) அடுத்த படியில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். புரத கைனேஸ் ஏ என்ற அடுத்த நொதி ஒன்று முழுதாக விழிக்க நான்கு சைக்ளிக் ஏஎம்பி வேண்டும். அங்கே பெருக்கமே கிடையாது! அதன் பிறகு வருபவை எல்லாம் நொதிகள், எனவே மறுபடியும் பல, பல.

நொதி வினைபுரியும் இடத்தில் செய்தி பெருகும். வெறுமனே ஒட்டிக்கொள்ளும் இடத்தில் பெருகாது. ஏற்பியும் ஒரு ஜி-புரதத்தைத் தூண்டிவிட்டு அடுத்ததற்குப் போவதால் நொதி மாதிரிதான்.

அப்புறம், சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியை வேறு நிறத்தில் வரையுங்கள். செய்தியை அணைப்பவற்றில் அதுவும் ஒன்று.