மலைக்குளிரில் அடைக்கோழி: உட்கார வைப்பதா, தெளிய வைப்பதா?

முட்டை எடுக்கக் கையை நீட்டினால் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடித்தொண்டையில் விட்டுவிட்டு ஒரு கேறல். இருட்டினாலும் மற்ற கோழிகளோடு கம்பில் ஏறாது, கூட்டிலேயே கிடக்கும். நெஞ்சடி இறகு உதிர்ந்து தோல் தெரியும், தொட்டால் கொதிக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசரமாகத் தின்று, நாற்றமான பெரிய எச்சம் ஒன்று போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். இதை நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். நோய்க்கோழிக்குக் கொத்த வரும் தெம்பு இருக்காது.

இது அடைக்கு விழுந்த கோழி, அதாவது குஞ்சு பொரிக்க முட்டைமேல் உட்காரத் துடிக்கும் கோழி. கொங்குப் பக்கம் அவயக்கோழி. முட்டை வைக்காவிட்டாலும் மூன்று வாரம், சில சமயம் அதற்கு மேலும் வெறுங்கூட்டில் காத்துக்கிடக்கும். அதுவரை முட்டை கிடையாது, உடம்பும் இளைக்கும். அதனால் முட்டை வைத்து உட்கார வைப்பதா, அடைப்புத்தியை மாற்றித் தெளிய வைப்பதா என்று முதல் இரண்டு நாளிலேயே முடிவெடுங்கள்.

முடிவைச் சொல்ல வேண்டியது மாதம்தான். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அப்போது பொரிக்கும் குஞ்சு தாயின் இறக்கைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாலே விறைத்துவிடும். தை கடைசியில் முட்டை வைத்தால் மாசி பிற்பாதியில் குஞ்சு வரும், வெயில் கூடவே வரும். அங்கிருந்து சித்திரை வரை நல்ல காலம். பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மழையிலும் அடைக்கு விழுந்தால் தெளிய வைத்துவிடுவதே நல்லது.

தெளிய வைப்பது எப்படி? கீழ்நாட்டில் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதில் காரணம் இல்லாமல் இல்லை: வயிற்றுச் சூடு தணிந்தால் அடைப்புத்தியும் தணியும். ஆனால் கரூர் வெயிலில் அரை மணியில் காயும் இறகு, கோத்தகிரி மூடுபனியில் சாயங்காலம் வரை காயாது. ஈர இறகோடு இரவைக் கழிக்கும் கோழி சளி பிடித்துச் சாகலாம். மூக்கில் இறகைக் குத்திவிடுவது வெறும் கொடுமை, புண்தான் மிஞ்சும். பட்டினி போட்டால் ஏற்கெனவே இளைத்த கோழி மறுபடி முட்டைக்கு வர இன்னும் நாளாகும்.

மலையில் குளிர்காற்றே போதும். ஒரு வலைக்கூண்டு செய்து கோழியை அதில் விடுங்கள்: இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம், அடியில் ஒரு அங்குலக் கண் உள்ள கம்பி வலை, பக்கங்களிலும் மேலேயும் வலை. நான்கு மூலைக்கும் செங்கல் அடுக்கி ஓரடி உயர்த்தி வையுங்கள். வைக்கோல், சாக்கு, மூலைப்பலகை எதுவும் உள்ளே கூடாது. ஒதுங்க இடம் கிடைத்தால் அதையே கூடாக்கிவிடும். அடிப்பக்கம் காற்று ஓடுவதுதான் வேலையே. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பகலில் வெளிச்சமான இடத்தில், மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வையுங்கள். இரவில் கொட்டகைக்குள் எடுத்துவிடுங்கள்; மரநாய், காட்டுப்பூனை பயம் மட்டுமல்ல, சிறுத்தை வரும் ஊர்களும் இருக்கின்றன. பனி விழும் இரவில் மூன்று பக்கம் சாக்குத் தொங்கவிடலாம், அடிப்பக்கத்தை மட்டும் மூடாதீர்கள்.

மூன்றாம் நாள் மாலை திறந்து விடுங்கள். மற்றவற்றோடு மேய்ந்து கம்பில் ஏறினால் தெளிந்துவிட்டது. நேராகப் பழைய கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். ஒரு வாரம் உட்கார்ந்த பிறகு பிடித்த கோழி என்றால் ஐந்தாறு நாள் ஆகும். பெரும்பாலும் தோற்பது இதனால்தான்: பகலில் கூண்டில் போட்டுவிட்டு, பாவம் பார்த்து இரவில் பழைய கூட்டில் விடுவது. முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாகிவிடும். தெளிந்த கோழி முட்டையிட இரண்டு வாரம் வரை ஆகலாம்.

உட்கார வைப்பதென்றால், கீழ்நாட்டில் பன்னிரண்டு முட்டை தாங்கும் நாட்டுக்கோழிக்கு மலையில் எட்டு, ஒன்பது போதும். கோழி முட்டையைப் புரட்டும்போது ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் நடுவில் இருப்பது ஓரத்துக்கும் மாறும். இரண்டு முட்டை வெளியே துருத்தினால், முறைவைத்து எல்லா முட்டையும் குளிர்படும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ பஸ்ஸில் கொண்டுவந்த முட்டை கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியிருக்கும். கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அடைக்கு வையுங்கள்.

கூடையை சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள், குளிர் ஏறும். பலகை மேல் சாக்கு, அதன்மேல் கூடை, உள்ளே சலித்த சாம்பல் கொஞ்சம், மூன்று அங்குலம் காய்ந்த புல். சாம்பல் பேனையும் செள்ளுப்பூச்சியையும் குறைக்கும். கோழியை இருட்டியபின் மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தால், மற்ற கோழி வந்து இட்டது எது என்று அன்றன்றே தெரியும். கீழ்நாட்டுப் பழக்கமாக முட்டைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம், மூடுபனியின் ஈரமே போதும்.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் முட்டையைப் பாருங்கள். சிலந்திபோல் சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். கூமுட்டை வெடித்தால் மற்றவையும் கெடும். பத்தொன்பதாம் நாளிலிருந்து கோழியைத் தூக்கவே கூடாது. இருபத்தோராம் நாள் பொரிக்கும். குளிர்பட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் தள்ளும். குஞ்சு வயிற்றில் மஞ்சள்கரு இருப்பதால் முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை. பிறகு நொய், பொடித்த கம்பு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், நனைந்த குஞ்சு மலையில் தப்பாது.